எந்தத் தெருவில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை

போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். தாம்பரத்தில் இருக்கிற எனக்கும் பையனுக்கும் கஞ்சி, பாராசிட்டமால் என்று நாலு நாளில் சரியாகிவிட்டது. வடசென்னையில், எண்ணூர் ஆலைகளுக்குப் பக்கத்தில், எர்ணாவூரில் இருக்கிற பெரியப்பாவுக்கு ஐந்தாம் நாளே நிமோனியா. ஒன்பது நாள் ஐசியூவில் ஆக்ஸிஜனோடு கிடந்தார்.

டாக்டர் முதலில் கேட்டது, சிகரெட் பிடிப்பாரா? இல்லை, பீடிகூடத் தொட்டதில்லை. சர்க்கரை? இல்லை. எங்கே குடியிருக்கிறார், எத்தனை வருஷமாக, வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. 32 வருஷம் சார். காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் மடித்தால் விரலில் கரி ஒட்டுகிற தெரு அது.

அவருக்கு வயது 64, அதுவும் ஒரு காரணம்தான். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாட்களில், காற்று மாசுக்கும் இந்த மாதிரி நுரையீரல் நோய்க்கும் என்ன தொடர்பு என்று தேடித்தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு இரும்பு ஆலை, தொழிலாளர் பிரச்சினையால் 1986 ஆகஸ்டிலிருந்து சுமார் 13 மாதம் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் (ஆம், மருத்துவர் இல்லை) மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதே ஊர், அதே குளிர், புகை மட்டும்தான் இல்லை. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2003-ல் சீனாவில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோதும் இதே கதை. காற்று மிகவும் கெட்டிருந்த பகுதி நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு, ஓரளவு சுத்தமான பகுதிகளைப் போல இரு மடங்கு இருந்தது. கொரோனா காலத்தில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களைப் பார்த்தார்கள்: பல வருஷச் சராசரியில் பிஎம் 2.5 என்கிற, காற்றில் மிதக்கும் நுண்துகள் கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடினால் கொரோனா சாவு விகிதம் 11 சதவீதம் கூடுகிறது. மாவட்டச் சராசரியை வைத்துச் சொன்னதுதான், தனி ஆளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். மூச்சுக்குழாய் முழுக்க இருக்கும் மெல்லிய மயிரிழைகள் கிருமியையும் தூசியையும் சளியோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்காகப் புகை பட்டால் அவை தளர்ந்துபோகும். இன்னும் ஆழத்தில், காற்றறைகளில், கிருமியை விழுங்குகிற செல்கள் இருக்கின்றன. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும் அந்த பிஎம் 2.5 துகள்கள் அங்கே வரைக்கும் போய்விடும். கரியை விழுங்கி விழுங்கியே சோர்ந்துபோன செல்லுக்குக் கிருமி வரும்போது வேலை செய்யத் தெம்பில்லை. கூடவே தீராத வீக்கம் வேறு.

நாமோ காற்று மாசு என்றால் தில்லியின் நவம்பர், தீபாவளி மறுநாள் என்று நினைக்கிறோம். பெரியப்பாவைக் கெடுத்தது அந்த ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும்தான். இந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. அதற்குள் இருந்தால் "காற்று நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடலாம்!

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. ராயபுரம் பக்கத்து மக்கள் தூசியால் அவதிப்படுகிறார்கள் என்று, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கேயும் மூச்சு விடுகிறவர்கள்தானே இருக்கிறார்கள்?

மணலி, எண்ணூர், தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களே, காய்ச்சல், இருமல் என்று போனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், எந்தத் தெரு, எத்தனை வருஷம் என்று. கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வரைக்கும் சாவுக்குக் காரணம் வைரஸ் மட்டும்தான். அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பெரியப்பாவுக்கு இப்போதுதான் போட்டோம். வீட்டு மாடிப்படி அவருக்கு இன்னும் ஒரே மூச்சில் ஏற வரவில்லை.