தெப்பக்காட்டுக் குட்டிகளும் உடவளவைக் குட்டிகளும்

யானைக்குட்டி வீடியோ ஒன்று வாரம் தவறாமல் என் பக்கத்தில் வந்து விழுகிறது. பாகனின் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும் குட்டி, புட்டிப் பாலை உறிஞ்சும் குட்டி, சேற்றில் சறுக்கி விளையாடும் குட்டி. கீழே ஆயிரக்கணக்கில் இதயக்குறிகள். நானும்தான் போடுகிறேன். ஆனால் இந்தக் குட்டி வளர்ந்ததும் எங்கே போகும் என்று அந்தப் பின்னூட்டங்களில் ஒருவராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் அதற்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: முகாம். தாயை இழந்த குட்டி, கூட்டம் சேர்க்காத குட்டி என்றால் முதுமலை தெப்பக்காட்டுக்கு வண்டி ஏறும். அங்கே பாகனும் காவடி என்று சொல்லப்படும் அவரது உதவியாளரும் பார்த்துக்கொள்வார்கள். பால், பிறகு களி, பிறகு பயிற்சி. பெரியதானால் ரோந்து போகும், கும்கியாகும், வயதானால் ஓய்வு பெறும். கோயில் வாசலில் தார் ரோட்டில் நிற்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல், சந்தேகமே இல்லை. பகலில் காட்டில் மேய விடுகிறார்கள், மருத்துவர் இருக்கிறார், தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் காட்டுநாயக்கர் சமூகத்துப் பாகன்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கடைசி வரை அது மனிதனின் யானைதான். காட்டில் பிறந்த ஒரு விலங்கைக் காப்பாற்றி, ஆயுசு முழுக்க நம் கட்டளைக்குக் கீழே வைத்துக்கொள்வதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றால், கடல் தாண்டிப் பக்கத்திலேயே இருக்கிறது.

இலங்கையில் இரண்டு இடங்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பின்னவலை, 1975இல் தொடங்கியது. அனாதைக் குட்டிகளுக்கான இல்லமாகத்தான் ஆரம்பித்தார்கள். அங்கு வந்த குட்டிகள் வளர்ந்தன, குட்டி போட்டன, இப்போது அது ஒரு பெரிய கூட்டம். ஆற்றுக்குக் குளிக்கப் போகும் யானைகளைப் பார்க்க உலகமெங்குமிருந்து வருகிறார்கள். ஆனால் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது அங்கே நோக்கமாக இல்லை. இன்னொன்று உடவளவை. 1995இல் வனவிலங்குத் திணைக்களம் தேசியப் பூங்காவின் ஓரத்திலேயே ஆரம்பித்த இடைத்தங்கல் இல்லம். குட்டி அங்கே தங்கிப் போக வந்த விருந்தாளி. ஐந்து வயதை ஒட்டி, கூடவே வளர்ந்த மற்ற குட்டிகளோடு கூட்டமாக அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 1998இல் முதல் கூட்டம் போனது. இதுவரை 100க்கும் மேற்பட்ட குட்டிகள் உடவளவை, மாதுறு ஓயா, லுணுகம்வெஹர போன்ற காடுகளுக்குப் போயிருக்கின்றன. சிலவற்றுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். அப்படிப் போன பெண் யானைகள் காட்டில் குட்டியும் போட்டிருக்கின்றன.

பால் கொடுக்கும் நேரத்தில் உடவளவையில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். பார்வையாளர்கள் தள்ளி ஒரு மேடையில் நிற்க வேண்டும். தொட முடியாது, கூட நின்று படம் எடுக்க முடியாது, காசு கொடுத்துப் புட்டியைக் கையில் வாங்கவும் முடியாது. கதவைத் திறந்து ஐந்தாறு குட்டிகளாக உள்ளே விடுகிறார்கள். காதை விரித்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றன. ஊழியர் ஒருவர் புனலைத் தூக்கிப் பிடிக்க, அதில் மாட்டிய குழாய் நேராகக் குட்டியின் வாய்க்குள். மடமடவென்று பால் இறங்குகிறது. அளவு முடிந்ததும் குழாய் வெளியே. இன்னொரு தடவை கிடைக்காதா என்று வரிசையில் புகுந்து ஏமாற்றப் பார்க்கும் திருட்டுக் குட்டிகளை லேசாகத் தள்ளி, தழை போட்டிருக்கும் பக்கம் அனுப்புகிறார்கள். தடவிக் கொடுப்பதில்லை, கொஞ்சுவதில்லை. எனக்கு முதலில் கொஞ்சம் உறைத்தது, என்ன இவ்வளவு கறாராக இருக்கிறார்களே என்று. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் குட்டிகளுக்கு ஊழியர்கள் வெறும் பால்காரர்கள். பால் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பூங்காவுக்குள் மேயப் போய்விடுகின்றன. அவற்றின் உலகம் மற்ற குட்டிகள்தான்.

இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு கென்யாவில் ஒரு பழைய கதை உண்டு. டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி பச்சிளம் யானைக்குட்டிக்கு ஏற்ற பாலைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் போராடினார். மாட்டுப் பால் கொடுத்தால் வயிற்றால் போய்ச் செத்துவிடும். கடைசியில் மனிதக் குழந்தைகளுக்கான பால் மாவில் தேங்காய் எண்ணெய் சேர்த்தபோது ஒரு குட்டி பிழைத்தது. ஆயிஷா என்று பெயர். மாதக்கணக்கில் அவரே இரவு பகலாகப் பார்த்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்காகக் கொஞ்ச நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் குட்டி செத்துப்போனது. பால் ஒத்துக்கொண்ட குட்டி, பாசம் ஒரே ஆளிடம் தேங்கியதால் போய்விட்டது.

அதிலிருந்து அவர் மாற்றிக்கொண்ட முறைதான் இன்றைக்கும் நைரோபியில் அவர் தொடங்கிய அறக்கட்டளையில் தொடர்கிறது. குட்டிக்கு ஒரு ஆள் கிடையாது, ஆட்கள் கூட்டம். ராத்திரி கொட்டடியில் கூடவே படுப்பார்கள், ஆனால் தினமும் வேறு வேறு ஆள். பால் குடிக்கும்போது தாயின் வயிற்றில் துதிக்கையைச் சாய்த்துக்கொள்வது குட்டியின் பழக்கம் என்பதால், கம்பளியைத் தொங்கவிட்டு அதில் சாய்ந்துகொள்ள விடுவார்கள். ஆப்பிரிக்க யானை வேறு, நம் யானை வேறு, அங்குள்ள முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே அரவணைப்பு அதிகம், உடவளவையில் குறைவு. ஆனால் இரண்டு இடத்திலும் குட்டி ஒரே மனிதனிடம் ஒட்டிக்கொள்ள விடுவதில்லை, மற்ற குட்டிகளோடு சேர்த்தே வளர்க்கிறார்கள், முதல் நாளிலிருந்தே காட்டை மனதில் வைத்து வளர்க்கிறார்கள். கென்யாவில் 250க்கும் மேற்பட்ட குட்டிகளை இப்படி வளர்த்திருக்கிறார்கள். சாவோ காட்டுக்குத் திரும்பியவை சில வருஷம் கழித்துத் தங்கள் குட்டியைக் கூட்டிக்கொண்டு பழைய ஆட்களைப் பார்க்க வருவதும் உண்டு.

இப்போது நம்ம ஊர். ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தை எல்லோரும் பார்த்தோம். தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி இருவரும் ரகு, பொம்மி என்ற குட்டிகளை வளர்த்த விதத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. 2023 மார்ச்சில் விருது அறிவிப்பு வந்த நேரத்தில்கூட பொம்மன் வீட்டில் இல்லை. தாயைப் பிரிந்த இன்னொரு குட்டிக்காகத் தர்மபுரிப் பக்கம் போயிருந்தார். பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட அந்தக் குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாதம் முடிவதற்குள் அது செத்துப்போனது. விருதைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்தக் குட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வயதில் தாய்ப்பால் இல்லாமல் ஒரு குட்டியைப் பிழைக்கவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் பாகன்களுக்குத்தான் தெரியும். யானைக்குட்டி தாயின் சாணத்தைத் தின்றுதான் தழையைச் செரிக்கும் கிருமிகளைத் தன் வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்கிறது. புட்டியில் அதைக் கொடுக்க முடியாது.

அதனால்தான் தாயோடு சேர்த்துவிடுவதே முதல் முயற்சியாக இருக்க வேண்டும். இதில் நம் வனத்துறையைப் பாராட்டியே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் பொள்ளாச்சிப் பக்கம் பிரிந்துபோன குட்டியை, ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடி, தாயிடம் சேர்த்தார்கள். தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கும் அந்தக் குட்டியின் படத்தை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். ஆனால் எல்லாத் தடவையும் பலிப்பதில்லை. 2024இல் மருதமலை அடிவாரத்தில் உடம்பு முடியாமல் விழுந்த தாய் யானையைச் சிகிச்சை கொடுத்து எழுப்பிவிட்டார்கள். அது காட்டுக்குப் போனது, குட்டியைத்தான் சேர்க்க முடியவில்லை. அதுவும் தெப்பக்காடு போனது. நான் பேசுவது இந்த மாதிரிக் குட்டிகளைப் பற்றி மட்டும்தான்.

‘மனுஷன் கையால் பால் குடித்த யானை காட்டில் பிழைக்காது’ என்று ஒரு வாதம் வரும். ரிவால்டோவை மறந்துவிட்டார்கள் போல. மசினகுடியில் துதிக்கையில் காயம்பட்டு, ஆட்கள் கொடுத்த பழத்துக்குப் பழகி, ஊரையே சுற்றிக்கொண்டிருந்த ஆண் யானை. 2021இல் கராலில், அதாவது மரக்கூண்டில், அடைத்தார்கள். முகாம் யானை ஆக்கிவிடப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆகஸ்டில் திறந்து தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட கையோடு கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் நடந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது! தோற்றுவிட்டது என்று கை கொட்டியவர்கள் உண்டு. வனத்துறை மறுபடி பிடிக்கவில்லை. பழம் கொடுப்பதை நிறுத்தி, காலரோடு கண்காணித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது காட்டு வாழ்க்கைக்குத் திரும்பியது. வளர்ந்த யானைக்கே முடிந்தது, ஐந்து வயதுக் குட்டிக் கூட்டத்துக்கு முடியாதா?

காடு எங்கே இருக்கிறது என்பது அடுத்த வாதம். உடவளவைப் பூங்கா 308 சதுர கிலோமீட்டர். முதுமலை மட்டுமே 688. அதோடு பந்திப்பூர், நாகர்ஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆசிய யானைகள் உலகத்திலேயே அதிகம் வாழும் காடு இது. இடம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. உடவளவையிலும் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. அங்கே மின்வேலி ஓரம் நின்று, போகிற வருகிற வண்டிகளிடம் பழம் வாங்கித் தின்று பழகிய யானைகள் இருக்கின்றன. ராம்போ என்ற ஆண் யானை அதில் பிரபலம். இலங்கையில் சமீப ஆண்டுகளில் வருஷத்துக்குச் சுமார் 400 யானைகள் சாகின்றன. துப்பாக்கி, மின்சாரம், தீனிக்குள் வைக்கும் வெடி. நம் பக்கத்து அவுட்டுக்காயும் அதே சாமான்தான். காட்டில் கொண்டுபோய் விட்ட குட்டிக்கும் அதுதான் காத்திருக்கிறது. இதைச் சரி செய்யாமல் விடுவது பாதி வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே ஆபத்தில்தான் மற்ற காட்டு யானைகளும் வாழ்கின்றன. அதற்காக எல்லாவற்றையும் பிடித்து முகாமில் கட்டிவிடலாம் என்று யாரும் சொல்வதில்லையே.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. இனி வரும் குட்டிகளுக்காவது தெப்பக்காட்டிலிருந்து தனியாக, சுற்றுலா வண்டி போகாத இடத்தில் ஒரு வளர்ப்பு இல்லம் வேண்டும். ஒற்றைக் குட்டியாக வளர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்து வளர்க்க வேண்டும். காட்டுநாயக்கர் பாகன்களின் அனுபவம் அங்கேதான் அதிகம் தேவை. அவர்கள் வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம், விட்ட யானைகளைப் பின்தொடர அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? அப்புறம், இதுவரை முகாமுக்கு வந்த குட்டிகள் எத்தனை, பிழைத்தவை எத்தனை, எந்த வயதில் எதனால் செத்தன என்ற கணக்கை வருஷா வருஷம் வெளியிட வேண்டும்.

எங்கே விடுவது என்று கேட்டால் சத்தியமங்கலத்தைச் சொல்வேன். உடனே அந்தக் காட்டை ஒட்டிய தாளவாடி விவசாயி சண்டைக்கு வருவார், வர வேண்டும்தான். கருப்பன் யானையால் அங்கே உயிர்ப்பலி நடந்ததும், 2023இல் அதைப் பிடிக்கும் வரை மக்கள் தோட்டத்துக்குப் போகப் பயந்ததும் மறந்துபோகும் விஷயமா? குட்டி இருக்கும் லாரி காட்டுக்குள் போவதற்கு முன்பே, அந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசி, பயிர் போனால் எத்தனை நாளில் பணம் வரும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.