ஷமி சஜ்தா செய்யப் பயந்தாரா? இல்லை

சஜ்தா என்றால் நெற்றியைத் தரையில் வைத்து இறைவனை வணங்கும் முஸ்லிம்களின் வழிபாட்டு முறை. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை, மும்பை வாங்கடே மைதானம். இலங்கைக்கு எதிராக ஐந்தாவது விக்கெட்டை எடுத்ததும் இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி தரையில் மண்டியிட்டார், உடனே எழுந்துவிட்டார். அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, "சஜ்தா செய்யப் போனார், இந்தியாவில் இருப்பதால் பயந்து நிறுத்திக்கொண்டார்" என்று பரப்புகிறார்கள். இது பொய்.

அதே ஆண்டு டிசம்பரில் ஷமியே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். தொடர்ந்து ஐந்தாவது ஓவர் வீசிக்கொண்டிருந்தார், உடம்பு அசந்துபோய் முட்டி போட்டுவிட்டார், அவ்வளவுதான். சஜ்தா செய்ய நினைத்தால் என்னை யார் தடுக்க முடியும், நான் முஸ்லிம், இந்தியன், இரண்டையும் பெருமையாகவே சொல்வேன் என்றார். முன்பு ஐந்து விக்கெட் எடுத்தபோதெல்லாம் சஜ்தா செய்தேனா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இலங்கை ஆட்டத்துக்குப் பதினோரு நாள் முன்புதான் தர்மசாலாவில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டை எடுத்திருந்தார்.

அவர் தொழுவதும் தொழாததும் அவர் விருப்பம். களைத்து உட்கார்ந்தவர் மனதில் பயத்தை நாம் ஏற்றிச் சொல்வது அநியாயம்.