ஐபி முகவரி தெரிந்தால் வீடு தெரிந்துவிடுமா?

“உங்கள் ஐபி முகவரி கிடைத்தால் போதும், கதவு எண் வரை கண்டுபிடித்துவிடுவார்கள்” என்று ஒரு எச்சரிக்கை சுற்றுகிறது. தவறு. ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். அந்த எச்சரிக்கை உதாரணமாகக் காட்டும் எண் 192.168.1.5. வேடிக்கைதான்! 192.168 என்று தொடங்குபவை வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள் வலையமைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரவுட்டர் உங்கள் போனுக்குத் தரும் அதே எண்ணைப் பக்கத்து வீட்டு ரவுட்டரும் தந்துகொண்டிருக்கலாம்.

சரி, வெளியே தெரியும் பொது முகவரி? அதைத் தேடினால் இணைய சேவை நிறுவனத்தின் பெயரும் தோராயமாக ஓர் ஊரும் கிடைக்கும். அந்த ஊரே சில நேரம் தப்பாக இருக்கும். ஐபிவி4 என்ற, இன்னும் பரவலாகப் புழங்கும் முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. எந்த நேரத்தில் யார் பயன்படுத்தினார் என்ற விவரம் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கும். காவல்துறை முறைப்படி கேட்டு வாங்கலாம். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தரமாட்டார்கள்.