காசு வாங்கினேன், சரி

ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி மண்டபத்தில் நடந்த, அண்ணன் ஒருவரின் சுயசரிதை வெளியீட்டு விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை எனக்கே நான்கு பேர் அனுப்பி, "அண்ணன் என்னமா எழுதியிருக்கார் பாருங்க" என்கிறார்கள். பார்த்தேன். எழுதும்போதே பார்த்தேன்.

அட்டையில் என் பெயரை நான் கேட்கவில்லை. முதல் நாளே பேசிக்கொண்டதுதான். அவர் வாழ்க்கை, அவர் பெயர். ஆனால் மைக்கைப் பிடித்து, "ஒவ்வொரு எழுத்தும் ராத்திரி தூக்கம் கெட்டு நானே எழுதினது" என்றாரே, அது பேசிக்கொண்டதில் இல்லை. தூக்கம் கெட்டது உண்மை. யாருக்கு என்பதில்தான் சின்னக் குழப்பம். நன்றி சொல்லும்போது பிளெக்ஸ் அடித்தவர், மைக்செட்காரர், பிரியாணி மாஸ்டர் வரைக்கும் வந்தார்கள். (பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன், மாஸ்டர் ஆம்பூர்க்காரர்.)

"காசு வாங்கினாய் இல்லையா, அப்புறம் என்ன?" என்பீர்கள். வாங்கினேன். எழுதியதற்கு வாங்கினேன். எழுதவே இல்லை என்று ஆவதற்கு வாங்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'எழுதியது நான்' என்று சொல்ல எழுதியவனுக்கு இடம் தருகிறது. பயப்பட வேண்டாம், கோர்ட் படி ஏறுகிற ஆள் இல்லை நான்.

எங்கள் மாமா குடியாத்தத்தில் பத்திரம் எழுதுபவர். விற்பவர், வாங்குபவர் பெயரெல்லாம் மேலே இருக்கும். கடைசியில் அடியில், தயார் செய்தவர் என்று மாமாவின் கையெழுத்தும் உரிம எண்ணும் இருக்கும். அதனால் எவர் வீடும் அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை, இன்றைக்கும் வாடகை வீடுதான். ஒரு சென்ட் மனைக்கு இருக்கிற நியாயம் இருநூறு பக்கத்துக்குக் கிடையாதா?

"பெரிய தலைவர்களுக்கே வேறு யாரோதான் எழுதித் தருகிறார்கள்" என்றார் ஒரு நண்பர். தருகிறார்கள். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு அவருடைய உதவியாளர் சோரன்சன் உரைகள் எழுதித் தந்தது ஊருக்கே தெரியும். கென்னடி என்ன குறைந்தா போனார்? பொறாமை என்றார் இன்னொருவர். சரி, பொறாமைதான்.

மண்டபமே அழுததே, அந்த அம்மா பகுதி? அவரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "நல்லவங்க, அப்படியே போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. விடிய விடியப் பீடி சுற்றியது, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு மூக்குத்தியை அடகு வைத்தது, ஓட்டை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி சொருகியிருந்தது எல்லாம் என் அம்மா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தை வாசித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவையும் விழாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்: "அவங்க அம்மாவும் நம்மள மாதிரி வேப்பங்குச்சிதான் சொருகினு இருந்தாங்களாடா?"

ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன்.