விற்பனை வேறு, வருமானம் வேறு

தேர்தல் காலம் வந்ததும் கொழும்பில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வியாபாரம் நடந்தால் வருமான வரி கட்ட வேண்டும்." இது பிழை.

வருமான வரி கல்லாவில் விழும் மொத்தப் பணத்துக்கு அல்ல, இலாபத்துக்கே. 2025 ஏப்ரல் முதல் தனிநபரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. முன்பு அது 12 இலட்சம். செய்தியில் வரும் ஒன்றரை இலட்சம் இந்த 18 இலட்சத்தின் மாதக் கணக்குத்தான்.

ஒரு பலசரக்குக் கடையில் மாதம் 4 இலட்சத்துக்கு வியாபாரம் என்று வையுங்கள். சரக்குக்கு 3 இலட்சம், வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் 40,000. மிச்சம் 60,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி பூச்சியம். சரி, மாத இலாபம் 1,60,000 என்றால்? ஆண்டுக்கு 19,20,000. எல்லைக்கு மேற்பட்ட 1,20,000க்கு 6 வீதம், அதாவது வருடத்துக்கு 7,200 ரூபா.

மொத்த விற்பனையைப் பார்ப்பது பெறுமதி சேர் வரிப் (VAT) பதிவு. அதன் எல்லையோ கோடிக்கணக்கில். டின் இலக்கம் (TIN, வரி செலுத்துநரின் அடையாள எண்) எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்பதும் பொய். கொள்முதல் பில்களை மட்டும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்; செலவைக் காட்ட அவைதான் சாட்சி.