மிலனில் ஒன்றாம் எண் டிராம்

இத்தாலியின் மிலனுக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது, "ஊர் சுற்றிப் பார்க்க எந்த டூர் பஸ் நல்லது?" என்பதுதான். எதுவும் வேண்டாம், ஒன்றாம் எண் டிராமில் ஏறி உட்காருங்கள் என்பேன்.

அந்த வழியில் ஓடுவது 1928-ஆம் ஆண்டு மாதிரி டிராம். ஊர்க்காரர்கள் அதை 'வெந்தோத்தோ', அதாவது 'இருபத்தெட்டு' என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஐநூறு வண்டிகள் செய்தார்கள். நூறுக்கும் மேல் இன்றும் தினசரி ஓட்டத்தில் இருக்கின்றன. உள்ளே இரண்டு பக்கமும் எதிரெதிராக நீள மரப் பெஞ்சு, உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழத்துப் போன பலகை. வளைவு வந்தால் ஆபீஸ் போகிறவர், காய்கறிப் பையோடு பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் என்று பெஞ்சு முழுக்க ஒரே பக்கம் சாயும். மன்ஸோனி தெருவில் நுழைந்து, ஸ்காலா ஓபரா அரங்கைத் தாண்டி, கோட்டைப் பக்கம் போய், செம்பியோனே சாலையைப் பிடிக்கும். டூர் பஸ்காரர் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற ஊர் இதுதானே?

நான் போனபோது டிக்கெட் 2.20 யூரோ. 90 நிமிடம் செல்லும். அந்த நேரத்துக்குள் டிராம், பஸ், மெட்ரோ எதில் வேண்டுமானாலும் மாறி ஏறலாம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. தப்பான வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டியதில்லை. இறங்கி அடுத்ததைப் பிடித்தால் சரி. பேங்க் கார்டைத் தட்டியே போகலாம். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். மெட்ரோவில் வெளியே வரும்போதும் அதே கார்டைத் தட்ட வேண்டும்.

மெட்ரோவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1964-இல் திறந்த முதல் தடத்தில் வளைந்து இறங்கும் சிவப்புக் குழாய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். அதன் அறிவிப்புப் பலகைகளை வடிவமைத்த பாப் நூர்தாவின் கை பிறகு நியூயார்க் சப்வே பலகைகளிலும் இருந்தது. 2024-இல் முழுதாக முடிந்த நாலாம் தடத்தில் ஓட்டுநரே கிடையாது. லினாத்தே விமான நிலையத்திலிருந்து நகர மையத்திலுள்ள சான் பாபிலாவுக்குப் பன்னிரண்டே நிமிடம். அவசரத்துக்கு மெட்ரோதான். ஆனால் பூமிக்கடியில் ஊர் எங்கே தெரிகிறது?

வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். அன்றைக்கும் காலை 8:45 வரைக்கும், பிற்பகல் 3 முதல் 6 வரைக்கும் வண்டி ஓடும். அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அம்மாவைக் கூட்டிப்போனபோது அந்த மர டிராமின் படிகள் அவருக்கு மலையாக இருந்தன. முட்டிவலிக்காரர். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் படியிலேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பையன் கை நீட்டித் தூக்கிவிட்டான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கையும் உதவாது. பழைய வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லும் கட்சி இல்லை நான். அவை ஓடியே தீர வேண்டும். அதே தண்டவாளத்தில் நாலு வண்டிக்கு ஒன்று தாழ்தள டிராமாக வரட்டும் என்கிறேன். அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகை பல நிறுத்தங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அம்மா காத்திருப்பார்.