500 டாலர் வீடு பற்றி ஒரு திருத்தம்

"டெட்ராய்ட் 2013-ல் திவாலானது, அதனால்தான் அங்கே வீடு 500 டாலருக்குக் கிடைக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காரணமும் விலையும் இரண்டுமே பிசகு.

அமெரிக்காவின் கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட் காலியாகத் தொடங்கியது 1950-களிலேயே. பேக்கார்ட் கார் ஆலை 1956-ல் மூடியது. மற்ற கம்பெனிகள் புதிய ஆலைகளைப் புறநகரில் கட்டின. 1950-ல் 18.5 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2020-ல் சுமார் 6.4 லட்சம் பேர்தான். வரி கட்ட ஆள் இல்லாமல்தான் நகராட்சி கடைசியில் திவாலானது.

சரி, அந்த 500 டாலர்? சொத்துவரி பாக்கிக்காகப் பறிமுதல் செய்த வீடுகளை வேய்ன் கவுன்டி (டெட்ராய்ட் அடங்கிய மாவட்டம்) விட்ட இரண்டாம் சுற்று ஏலத்தின் ஆரம்பக் கேள்வித்தொகை அது. நல்ல வீடென்றால் அந்த விலைக்கு ஏலம் முடியாது. முடிகிற வீட்டில் என்ன இருக்கும்? செம்புக் குழாயை ஏற்கெனவே எவரோ அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருப்பார்கள், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் போயிருக்கும், கூரை வழியே பனி உருகித் தரைப்பலகை உப்பியிருக்கும். குடியேறும்படி ஆக்கவே பல ஆயிரம் டாலர் வேண்டும், அப்புறம் வருடாவருடம் சொத்துவரி வேறு. இங்கிருந்து போனில் பார்த்து வாங்கிப் போடுகிற சரக்கல்ல.